இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் ஒரு தந்தையின் கேள்விக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மளிகைக் கடை வைத்திருக்கிறீர்கள். கணக்கு முடித்து, ஷட்டரை இறக்கி, வீடு வந்து சேர இரவு பத்தாகிவிடுகிறது. மகன் ஒன்பதாம் வகுப்பு. வாரத்தில் ஐந்து நாளாவது பெற்றோரோடு இரவு உணவு உண்ணும் பிள்ளைகள் குடி, புகை, கஞ்சா பக்கம் போவதில்லை என்று ஆய்வில் கண்டுபிடித்திருப்பதாக ஒரு காணொளியில் கேட்டதிலிருந்து உங்களுக்கு நிம்மதி இல்லை. பையனின் சேர்க்கை சரியில்லை என்பது உங்கள் மனைவியின் கவலை. அவன் கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுவிடு என்பது உங்கள் மைத்துனரின் யோசனை. இவற்றில் எதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 'நான் வீட்டில் இல்லாத நேரம் என் பிள்ளையைக் கெடுத்துவிடுமா?' என்பதுதான் அதற்கு அடியில் இருக்கும் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. உணவு, சேர்க்கை, கண்காணிப்பு மூன்றைப் பற்றியும் ஆய்வுகள் நிறைய உண்டு. அவற்றின் பலம் ஒரே அளவில் இல்லாததால் தனித்தனியாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மனநல மருத்துவன் அல்லன். பொதுச் சுகாதாரப் புள்ளியியல் படித்து, பதினெட்டு ஆண்டுகளாக வளரிளம் பருவத்தினரைப் பற்றிய கணக்கெடுப்புகளின் தரவுகளோடு வேலை செய்து வருபவன். ஆகவே ஆயிரம் பிள்ளைகளுக்குச் சராசரியாக என்ன நேர்கிறது என்பதைப் பற்றி ஓரளவு நம்பிக்கையோடு பேச முடியும். உங்கள் மகன் ஒருவனைப் பற்றி, அவனைப் பார்க்காமல், என்னால் எதுவும் சொல்ல முடியாது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. இந்தத் துறையின் முடிவுகள் எல்லாமே சராசரிகளைப் பற்றியவை என்பதால், அவற்றை ஒரு தனிப் பிள்ளையின் மேல் சட்டையைப் போல மாட்டிவிட முடியாது.

இரவு உணவைப் பற்றிய அந்தக் கூற்று எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த ஒரு போதைத் தடுப்பு ஆய்வு மையம், 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், 12 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் கேட்டறிந்து தொடர்ந்து அறிக்கைகள் வெளியிட்டது. வாரத்தில் ஐந்து முதல் ஏழு நாள் குடும்பத்தோடு இரவு உணவு உண்பவர்களையும், மூன்று நாளுக்கும் குறைவாக உண்பவர்களையும் அவை ஒப்பிட்டன. முதல் வகையினரிடம் புகையும் குடியும் கஞ்சாவும் குறைவாக இருந்தன. நீங்கள் கேட்ட 'ஐந்து நாள்' அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே ஒரு முறை கேட்டு எடுத்த தரவு அது. பெற்றோர் இருவருக்கும் நேரத்தோடு முடியும் வேலை, வாடகைக் கவலை இல்லாத வீடு, சண்டை இல்லாத திருமணம், ஏற்கெனவே பெற்றோரோடு ஒட்டுதலாக இருக்கும் பிள்ளை: இத்தனையும் உள்ள வீட்டில்தான் தட்டுகள் ஒன்றாக வைக்கப்படுகின்றன. பிள்ளையைக் காத்தது உணவா, உணவைச் சாத்தியமாக்கிய அந்த வீடா என்பதைப் பிரித்துச் சொல்ல அப்படிப்பட்ட கணக்கெடுப்பால் முடியாது.

பிரித்துப் பார்க்க உதவிய தரவு வேறொன்று. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அதிலிருந்து வந்தது. 'ஆட் ஹெல்த்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நெடுங்கால ஆய்வை வட கரோலினா பல்கலைக்கழகம் 1994-95-இல் தொடங்கியது. அமெரிக்காவெங்கும் 132 பள்ளிகளில், ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த 90,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பறையில் வினாத்தாளை நிரப்பினார்கள். அவர்களிலிருந்தும் பள்ளிப் பட்டியல்களிலிருந்தும் தேர்ந்தெடுத்த 20,745 பேரை வீட்டுக்கே போய்ப் பேட்டி கண்டார்கள். பெற்றோரில் ஒருவரிடமும், பெரும்பாலும் தாயிடம், தனியாகக் கேட்டார்கள். பிறகு 1996, 2001-02, 2008-09, 2016-18 என்று அதே மனிதர்களைத் தேடிப் போனார்கள். முதல் பேட்டியின்போது பருவுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்த பிள்ளைகள் 2016-18 சுற்றில் நாற்பதை நெருங்கியிருந்தார்கள். ஒவ்வொரு மாணவனும் தன் நெருங்கிய நண்பர்களாக ஐந்து பையன்களையும் ஐந்து பெண்களையும் பள்ளிப் பட்டியலைப் பார்த்துக் குறிப்பிட்டான் என்பது இந்த ஆய்வின் தனிச்சிறப்பு. 'உன் நண்பன் குடிப்பானா?' என்று ஒருவனிடம் கேட்டு எழுதிக்கொள்வதற்குப் பதிலாக, அந்த நண்பன் தன் தாளில் தானே எழுதிய பதிலை எடுத்துப் பார்க்க முடிந்தது. இது ஏன் முக்கியம் என்பதைச் சேர்க்கை பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இந்தத் தரவிலிருந்து வந்த முதல் பெரிய கட்டுரையை 1997-இல் மைக்கேல் ரெஸ்னிக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். தாய் தந்தையோடு நெருக்கமாக இருக்கிறேன், அவர்கள் என்மேல் அக்கறை வைத்திருக்கிறார்கள், இந்த வீட்டுக்கு நான் வேண்டியவன் என்று உணர்ந்த பிள்ளைகளிடம் மனவேதனை, தற்கொலை எண்ணம், வன்முறை, புகை, குடி, கஞ்சா ஆகியவை எல்லாமே குறைவாக இருந்தன. பள்ளியில் தனக்கு ஓர் இடம் உண்டு என்று உணர்வதற்கும் அதே வகைத் தொடர்பு இருந்தது. பார்த்த அளவீடுகளில் கருவுற்ற அனுபவம் ஒன்று மட்டும் இந்த வரிசையில் சேரவில்லை. வீட்டில் சிகரெட்டும் மதுவும் துப்பாக்கியும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அதற்கேற்ற ஆபத்துகள் கூடியிருந்தன. 2000-இல் ராபர்ட் பிளம் தலைமையில் வந்த மற்றொரு கட்டுரை, இனம், குடும்ப வருமானம், வீட்டில் இரு பெற்றோரும் இருக்கிறார்களா ஒருவரா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும், இப்படிப்பட்ட நடத்தைகளில் பிள்ளைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் விளக்க முடியவில்லை என்று காட்டியது. 'அந்த மாதிரி வீட்டுப் பிள்ளை' என்று நாம் சொல்லிப் பழகிய பேச்சுக்கு எவ்வளவு குறைந்த அடிப்படை இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கை நான் பார்த்ததில்லை.

இனி உணவு. கெல்லி மியூசிக், ஆன் மையர் என்ற இரு சமூகவியலாளர்கள் 2012-இல் ஆட் ஹெல்த்தின் ஏறத்தாழ 18,000 பேருடைய மூன்று சுற்றுத் தரவுகளை எடுத்துக்கொண்டு, நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். முதலில், குடும்பத்தின் மற்ற இயல்புகளையும் கணக்கில் சேர்த்தால் உணவின் பங்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள், குறைந்தாலும் மிஞ்சியது. பிறகு ஒரே பிள்ளையையே அவனோடு ஒப்பிட்டார்கள்: போன ஆண்டைவிட இந்த ஆண்டு சேர்ந்து உண்ணும் நாட்கள் கூடியிருந்தால் அவனிடம் ஏதேனும் மாறியதா? இந்தக் கடுமையான சோதனையில் தொடர்புகள் சில தாங்கின, சில தாங்கவில்லை. பிள்ளைகள் பெரியவர்களான பிறகு, இளமையில் கிடைத்த பலனின் வழியாக வந்ததைத் தவிர, உணவுக்கென்று தனியான தடயம் எதுவும் காணப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களே எழுதிய மற்றொரு கட்டுரைதான் எனக்கு அதிகம் பிடித்தது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உறவு நன்றாக இருக்கும் வீட்டில் சேர்ந்து உண்பதற்குப் பலன் இருந்தது. உறவு கசந்திருக்கும் வீட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மதிப்பெண்ணைப் பற்றிய விசாரணை நடக்கும் இடமாகச் சாப்பாட்டுத் தட்டு மாறிப்போன வீடுகளைப் பார்த்தவர்கள் யாரும் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள்.

உங்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட் ஹெல்த்தின் வீட்டுப் பேட்டியில் உணவைப் பற்றிய கேள்வி ஏறத்தாழ இப்படி இருந்தது: 'கடந்த ஏழு நாட்களில் நீ இரவு உணவு உண்டபோது, பெற்றோரில் ஒருவராவது எத்தனை நாள் அந்த அறையில் உன்னோடு இருந்தார்?' ஒருவராவது, அறையில், அவ்வளவுதான். கூட உட்கார்ந்து சாப்பிட்டார்களா என்று கூடக் கேட்கவில்லை. உங்கள் மகனிடம் இதைக் கேட்டால், தோசை வார்த்துப் போட அம்மா அடுப்பருகில் நின்றுகொண்டிருக்கும் காரணத்தால், அவன் ஏழு என்றே சொல்வான். உங்களைத் தூங்கவிடாத ஆய்வு வகையின் கணக்கில் உங்கள் வீடு ஏற்கெனவே முதல் மதிப்பெண் வாங்கிய வீடு.

இந்தத் தரவுகள் எல்லாமே பிள்ளைகள் தாங்களே சொன்னவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆட் ஹெல்த்தின் வகுப்பறை வினாத்தாளில் தமக்குச் செயற்கைக் கால் அல்லது கை இருப்பதாக எழுதியவர்களை வீட்டுப் பேட்டியில் சரிபார்த்தபோது, கிட்டத்தட்ட அனைவருக்கும் கையும் காலும் சரியாகவே இருந்தன. விளையாட்டாக எழுதியிருந்தார்கள். அப்படி விளையாடியவர்களே குடியையும் சண்டையையும் கூட்டி எழுதுவதால், எண்ணிக்கையில் சிறிதாக உள்ள குழுக்களைப் பற்றிய முடிவுகள் சில தலைகீழாகவே போயிருக்கின்றன. மறதியும் தன் வேலையைச் செய்கிறது. திருமணம் வரை உடலுறவு கொள்வதில்லை என்று உறுதிமொழி எடுத்ததாகச் சொன்ன அமெரிக்கப் பிள்ளைகளை ஐந்தாண்டு கழித்துக் கேட்டபோது, அவர்களில் 82 சதவீதம் பேர் அப்படி ஒன்றை எடுத்ததே இல்லை என்றார்கள்.

நம் ஊரில் சிக்கல் எதிர்த் திசையில் வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கெடுப்பின் முன்னோட்டத்துக்காகக் கரும்பு விளையும் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். திண்ணையில் பதினைந்து வயதுப் பையன். நிலைப்படியில் அவன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கள் களப்பணியாளர் பீர் பற்றிய கேள்விக்கு வந்ததும் கீரை உருவும் கை நின்றது. தலை நிமிரவில்லை, கை மட்டும் நின்றது. பையன் 'இல்லை' என்றான். அடுத்த பதினொரு கேள்விகளுக்கும், கேள்வியை முழுதாகக் கேட்காமலே, 'இல்லை' என்றான். அவற்றில் ஒன்று அவன் காலையில் பல் துலக்குவானா என்பது. ஆட் ஹெல்த் ஆய்வாளர்கள் இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அந்தரங்கமான கேள்விகளைக் காதொலிப்பானில் கேட்கவைத்து, மடிக்கணினியில் பதிலை அழுத்தச் சொன்னார்கள். அன்றிலிருந்து, இந்தியப் பிள்ளைகளிடம் மதுப் பழக்கம் மிகக் குறைவு என்று எந்த அறிக்கையாவது சொன்னால், கேள்வி கேட்டபோது அம்மா எங்கே இருந்தார் என்பதையே முதலில் தேடுகிறேன்.

அந்தத் திண்ணைக் காட்சி கண்காணிப்பு என்ற பொருளுக்கும் நல்ல முன்னுரை. பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், காசை என்ன செய்கிறான் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் அவன் தவறான வழியில் போவது குறைவு என்று பல பத்தாண்டுகளாக நூற்றுக்கணக்கான ஆய்வுகள் காட்டிவந்தன. அதற்குக் 'கண்காணிப்பு' என்று பெயரும் வைத்திருந்தார்கள். 2000-இல் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் கேட்டு, அந்தப் பெயரையே கேள்விக்கு உள்ளாக்கினார்கள். பெற்றோருக்குத் தெரிந்திருக்கிறது என்பது சரி, எப்படித் தெரிந்தது? மூன்று வழிகளைப் பிரித்து அளந்தார்கள்: பிள்ளை தானாக வந்து சொல்வது, பெற்றோர் கேட்டு விசாரிப்பது, அனுமதி பெற்றுத்தான் வெளியே போக வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள். பெற்றோரிடம் இருந்த தகவலில் பெரும்பங்கு முதல் வழியில் வந்தது. நடத்தையோடு வலுவாகத் தொடர்புகொண்டிருந்ததும் அதுவே. அதாவது, அத்தனை நாள் 'பெற்றோர் செய்யும் வேலை' என்று அளந்துவந்தது பெருமளவுக்குப் பிள்ளை செய்யும் வேலை.

இந்த இடத்தில் அவசரப்பட்டு, அப்படியானால் விதிகளே வேண்டாம் என்று முடிவுகட்டியவர்களும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் முதலியோர் அதை மறுத்து, கட்டுப்பாட்டுக்கும் தனியான பங்கு இருப்பதை வேறு தரவுகளால் காட்டினார்கள். இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது போன்ற, காரணம் சொல்லி வைத்த சில விதிகள் உதவுகின்றன என்றும், தான் நெருக்கப்படுகிறேன், வேவு பார்க்கப்படுகிறேன் என்ற உணர்வு எழும் இடத்தில் அந்தப் பலன் கரைகிறது என்றும் கொள்வதே இன்றைய நிலையில் நியாயமான வாசிப்பு. தவறு செய்யும் பிள்ளைக்கு மறைக்க நிறைய இருப்பதால் அவன் சொல்வது குறையும் என்ற எதிர்த்திசை விளக்கமும் உண்டு. அது ஓரளவு உண்மையாகவும் இருக்கும். இருப்பிடம் காட்டும் செயலிகளைப் பொறுத்தவரை, அவற்றைப் போட்டதால் பிள்ளைகள் போதையிலிருந்து தப்பினார்கள் என்று பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் செயலியைப் போட்டுச் சோதித்த நல்ல ஆய்வு எதையும் நான் படித்ததில்லை. செயலி காட்டுவது அவன் கைப்பேசி இருக்கும் இடத்தை மட்டுமே.

சேர்க்கை பற்றி நம்மிடம் இரண்டு பழமொழிகள் இருக்கின்றன. பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும் என்பது ஒன்று. இனம் இனத்தோடு சேரும் என்பது மற்றது. முதலாவது, கூட்டாளி ஒருவனை மாற்றுகிறான் என்கிறது. இரண்டாவது, அவன் ஏற்கெனவே தன்னைப் போன்றவனைத்தான் கூட்டாளியாகத் தேடிக்கொண்டான் என்கிறது. புகைக்கும் பையனின் நண்பர்களும் புகைக்கிறார்கள் என்ற ஒரே உண்மையை இரண்டுமே விளக்கும். இவற்றுள் எது சரி என்று 1978-இல் டெனிஸ் காண்டெல் சோதித்தார். நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் நண்பர் இணைகளைப் பார்த்து, சேரும்போதே எவ்வளவு ஒத்திருந்தார்கள், சேர்ந்தபின் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று கணக்கிட்டார். பங்கு ஏறத்தாழச் சரிபாதி என்று வந்தது. அதன்பின் வந்த நட்புவலை ஆய்வுகளில், ஆட் ஹெல்த்தை வைத்துச் செய்தவை உட்பட, விகிதம் பழக்கத்துக்குப் பழக்கம், பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. ஆனால் இரண்டில் எதையும் பூஜ்ஜியம் என்று தள்ளிவிட முடிந்ததில்லை. நண்பனின் பழக்கத்தை அந்த நண்பனிடமே கேட்டறிந்தால் தாக்கத்தின் அளவு குறைந்து தெரிகிறது என்பதும் திரும்பத் திரும்ப வந்த முடிவு. தான் குடிக்கும் பிள்ளை, தன் நண்பர்களும் குடிக்கிறார்கள் என்று உண்மைக்கு மேலாகவே நம்புகிறான்.

கூட்டாளியின் தாக்கம் அறிவுரையாகவோ வற்புறுத்தலாகவோ வருவதில்லை. பெரும்பாலும் அவன் பக்கத்தில் இருப்பதே போதும். 2005-இல் மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டை ஆடவைத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்தபின் எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவு புள்ளி. சிவப்பு விழுந்து சுவர் முளைத்துவிட்டால் எல்லாம் போயிற்று. தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயது வரை இருந்தவர்களுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சம வயதினர் இருவரை அருகில் உட்காரவைத்ததும் பிள்ளைகள் எடுத்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கானது; 24 வயதைத் தாண்டியவர்களிடம் மாற்றமில்லை. தனியாக இருக்கும்போது நன்றாக யோசிக்கும் பையன் நால்வரோடு பைக்கில் ஏறும்போது அதே பையனாக இருப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆய்வுக்கூட விளையாட்டிலிருந்து தெருவுக்கு வரும்போது அளவு எப்படி மாறும் என்பது வேறு விஷயம்.

தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளர் இன்னும் நெருங்கிப் பார்த்தார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களை அவரவர் நண்பனோடு ஓர் அறையில் உட்காரவைத்து, இருபத்தைந்து நிமிடம் பேசவிட்டு ஒளிப்பதிவு செய்தார். வகுப்பிலிருந்து தப்பியதை, ஆசிரியரை ஏமாற்றியதைச் சொல்லும்போது அடுத்தவன் சிரிக்கிறானா என்று கணக்கெடுத்தார். விதிமீறலுக்குச் சிரிப்பு கிடைத்த இணைகள், வேறு பேச்சுக்குச் சிரித்துக்கொண்ட இணைகளைவிட, பின்வந்த ஆண்டுகளில் அதிகமாகத் தடம் மாறின. உங்கள் மனைவியின் கவலைக்கு ஆதாரம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் எந்தப் பையன் 'சேர்க்கை சரியில்லாதவன்' என்பதை அவன் தலைமுடியையோ தெருவையோ சாதியையோ வைத்து முடிவு செய்வதற்கு எந்த ஆய்வும் துணை நிற்காது. என் அனுபவத்தில் நம் வீடுகளில் அந்தச் சொல் பாதி நேரம் அதற்குத்தான் பயன்படுகிறது.

இதையொட்டி ஓர் எச்சரிக்கை. கொஞ்சம் தடம் மாறிய பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி வைத்துத் திருத்தும் முகாம்களுக்குக் காசு கட்ட யாராவது சொன்னால் யோசியுங்கள். டிஷியன் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது, குழுவாக அமர்த்தி நற்பயிற்சி தரப்பட்டவர்களிடம் புகைப்பழக்கம் கூடியது. மூன்று ஆண்டு கழித்தும் அந்த வேறுபாடு மறையவில்லை. இதைவிடப் பழைய, இதைவிட வேதனையான கதையும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் 506 சிறுவர்களை இணை இணையாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆலோசகர், பாடத்தில் உதவி, மருத்துவம், கோடை முகாம் என்று சராசரியாக ஐந்தரை ஆண்டு எல்லாம் செய்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மக்கார்ட் அவர்களைத் தேடிப் பிடித்தார். மூன்றில் இரண்டு பேர் அந்தத் திட்டம் தமக்கு நன்மை செய்ததாக நெகிழ்ந்து சொன்னார்கள். பதிவேடுகளோ, உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் குடி, மனநோய், குற்றம், அகால மரணம் ஆகியவற்றில் சற்று மோசமாக இருந்ததைக் காட்டின. கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போனவர்களே மிக மோசம். நல்லெண்ணத்தையும் பயனாளியின் நன்றியையும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் நான் எடுப்பது இந்த உதாரணத்தைத்தான்.

மரபணுவைப் பற்றி ஒரு வார்த்தை. இரட்டையர் ஆய்வுகளின்படி, ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கிடையே காணும் ஒற்றுமையில் கணிசமான பங்கு பரம்பரையால் வருவது. எளிதில் கோபப்படும் தந்தைக்கு எளிதில் கோபப்படும் மகன் இருந்தால், தந்தையின் கத்தல் மகனை அப்படி ஆக்கியது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மகனின் இயல்பே தந்தையைக் கத்தவைப்பதும் உண்டு. வளர்ப்பின் பங்கை மிகைப்படுத்தும் எந்தக் காணொளியையும் ஒரு படி தள்ளி வைத்துப் பார்க்க இது போதுமான காரணம். 'என்ன செய்தாலும் ஒன்றுமில்லை' என்பதும் இதிலிருந்து வராது.

ஏனென்றால் சூழலை மாற்றியபோது பிள்ளைகள் மாறியதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஐஸ்லாந்தில் 1998-இல் 15-16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவு குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 ஆனார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் நகராட்சி தந்த மானியம், பிள்ளைகள் இரவில் வெளியே இருக்கும் நேரத்துக்கு வரம்பு, பள்ளிதோறும் பெற்றோர் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று பலவற்றைச் சேர்த்துச் செய்தார்கள். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இளையோரின் குடி குறைந்ததால், அந்தச் சரிவில் எவ்வளவு திட்டத்தால் வந்தது என்பதைத் துல்லியமாகப் பிரிக்க முடியாது. இதைவிட உறுதியான சான்று நமக்கு அருகிலேயே, பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஓர் உள்ளூர் ஆலோசகர். இன்னொன்றில் அதே வேலையைப் பள்ளி ஆசிரியர் செய்தார். மூன்றாவதில் வழக்கமான பாடத்திட்டம் மட்டும். சுவர்ப் பத்திரிகை, காலைக் கூட்டத்தில் ஒரு பொருள் பற்றிப் பேச்சு, பெயர் போடாமல் குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, தேவைப்பட்டவர்களுக்குத் தனியாகப் பேச நேரம்: அவ்வளவே. 2018-இல் வெளியான முடிவின்படி, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் வம்புக்கிழுப்பதும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியரே செய்த பள்ளிகளில் ஒரு மாற்றமும் இல்லை. மதிப்பெண் போடும் கைக்கும் குறை கேட்கும் காதுக்கும் இடையே சிறிது தூரம் வேண்டும் என்பதே இதன் பொருள் என்று நான் நினைக்கிறேன். ஆசிரியர்களுக்கு இதற்கு நேரமே இல்லாமல் போயிருக்கலாம் என்பாரும் உண்டு.

உங்கள் வீட்டுக்கு வருவோம். கடையைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்று ஆய்வைக் காட்டி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மகன் தானாக வந்து சொல்லும் பழக்கம் உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள்: பள்ளியில் யாரோ சிகரெட்டோடு பிடிபட்டதை அவன் சொன்னபோது, 'நீயும் அங்கேதான் நின்றாயா?' என்பது உங்கள் முதல் கேள்வியாக இருந்ததா? அப்படி இருந்திருந்தால் அடுத்த செய்தி உங்களிடம் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடைக்கு வருவானா என்று நீங்கள் எழுதவில்லை. முகம் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து பருப்பை அரைக்கிலோப் பொட்டலமாகப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரத்தில், சாப்பாட்டு மேசையில் வராத பேச்சு வரும் என்பது ஆய்வு முடிவு இல்லை; நான் என் பிள்ளைகளிடம் கண்டது. அவன் தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் மாறியிருந்தால், பழைய நண்பர்கள் எல்லாரையும் விட்டு விலகியிருந்தால், சாவைப் பற்றிப் பேசினால், சேர்க்கையை ஆராய்ந்துகொண்டிராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

செயலியைப் போடுவதா என்பது உங்கள் முடிவு. போடுவதென்றால் அவனிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். உங்கள் இருப்பிடமும் அவன் கைப்பேசியில் தெரியும்படி வைத்துவிடுங்கள். ஒன்பதரைக்கு அப்பா இன்னும் கடையில்தான் இருக்கிறாரா, கிளம்பிவிட்டாரா என்று அவனும் பார்த்துக்கொள்ளட்டும்.